கீத பவனியும் வாயிற்கதவும்

சென்ற அக்டோபர் மாதம் 31-ஆம் நாள் இரவு, உணவுக்குப் பின், நம் கலாசாலை விடுதி முற்றத்தில் ஒரு தர்க்கம் மூண்டது. அமெரிக்க தேசத்தில் அன்றிரவு சிறுவர் சிறுமியர் பேயுருவும் பூதவுருவும் புனைந்து, அண்டை அயலார் வீடுதோறும் சென்று, "கொடுப்பீரோ, குறும்பு செய்வோமோ?" என்று கேட்டுத் தின்பண்டம் பெற்று மீள்வர். ஹாலோவீன் என்பது அவ்வழக்கத்தின் பெயர். நம் சென்னையின் தென்பால் எழுந்துள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகள் சிலவற்றிலும் அஃது இப்பொழுது புகுந்திருக்கிறது. அதனைக் கண்டிக்கவேண்டும் என்று ஒரு சாராரும், குழந்தைகள் விளையாட்டை விளையாட்டாகவே விட்டுவிடவேண்டும் என்று மற்றொரு சாராரும் வாதிட்டனர். கண்டித்தோர் பக்கமே கைகள் மிகுதியாக உயர்ந்தன. "இரவு வேளையில் பிறர் வீட்டுக் கதவை இடித்து, வேடமிட்டு நின்று, இனிப்புக் கேட்பது என்ன நாகரிகம்?" என்று ஒரு நண்பர் முழங்கியபொழுது கைதட்டலும் எழுந்தது. யானும் கைதட்டினேன். தட்டிய கை தாழுமுன் ஒரு நினைவு வந்து நாணினேன். சென்ற ஆண்டு டிசம்பரில், காலடிப்பேட்டைத் தெருவொன்றில், நள்ளிரவு கடந்தபின் பிறர் வீட்டுக் கதவை இடித்தவருள் யானும் ஒருவன். எங்கள் முன்னே செந்நிற அங்கியும் வெண்தாடி முகமூடியும் அணிந்த ஒருவர் ஆடிக்கொண்டிருந்தார். எங்கள் கையில் உண்டியலும் இருந்தது.

இராயபுரம் முதல் எண்ணூர் வரை கடலோரமாக வாழும் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கீத பவனி இன்னதென்று யான் சொல்லவேண்டுவதில்லை. 'கேரல் ரவுண்ட்ஸ்' என்றால் மழலை பேசும் பிள்ளையும் அறியும். ஏனைய அன்பர்களுக்காகச் சுருங்கச் சொல்வேன். டிசம்பர் மாதம் பிறந்து பத்து நாள் சென்றதும், சபையின் பாடற் குழுவினரும் வாலிபர் சங்கத்தினரும் இரவில் ஆலய வாயிலிற் கூடுவர். குட்டியானை என்று வழங்கும் சிறு வண்டியில் ஜெனரேட்டரும் ஒலிபெருக்கியும் ஏற்றப்படும். வண்டி முன்னே ஊர, இளைஞர் பின்னே நடப்பர். சபையார் வீட்டு வாயிலில் நின்று இரண்டு பாட்டு, உபதேசியார் ஒரு சிறு ஜெபம், கிறிஸ்துமஸ் தாத்தா பிள்ளைகளுக்கு மிட்டாய் இறைப்பார், வீட்டார் கேக்கும் கல்கலும் சுக்குக் காப்பியும் தருவர், உறையிலிட்ட காணிக்கை உண்டியலிற் சேரும், ரசீது எழுதப்படும். பிறகு அடுத்த வீடு. இவ்வாறு ஓரிரவில் முப்பது வீடு, நாற்பது வீடு. கடைசி வீட்டை அடையும்பொழுது கோழி கூவாத குறைதான்.

வேடம், இரவு, பிறர் வாயில், இனிப்பு. எதிலே வேற்றுமை? அவர்கள் பேயாக வருகின்றனர், நாம் தேவதூதரின் செய்தியோடு வருகின்றோம் என்று ஒரு நண்பர் விடையிறுத்தார். நல்ல விடையே. எனினும் ஹாலோவீனின் பிறப்பை ஆராய்ந்தால் அவ்வேற்றுமையும் மெலிந்து போகின்றது. நவம்பர் 1-ஆம் நாள் சகல பரிசுத்தவான்களின் திருநாள். 2-ஆம் நாள் மரித்த விசுவாசிகள் அனைவரையும் நினைக்கும் நாள். நம் காசிமேட்டுக் கல்லறைத் தோட்டத்தில் மலரும் மெழுகுவர்த்தியும் நிறையும் நாள் அதுவே. அக்டோபர் 31 முதல் திருநாளின் முன்னிரவு. அவ்விரவின் ஆங்கிலப் பெயர் சுருங்கித்தான் ஹாலோவீன் ஆயிற்று. பண்டை இங்கிலாந்தில் ஏழை எளியவர் இந்நாள்களில் வீடுதோறும் சென்று, அவ்வீட்டில் இறந்தோரின் ஆன்மாவுக்காக மன்றாடுவதாகச் சொல்லிச் சிறு அப்பம் பெற்றனர். ஆன்மாவின் அப்பம் என்றே அதற்குப் பெயர். ஸ்காத்லாந்திலும் அயர்லாந்திலும் சிறுவர் வேடம் புனைந்து சென்று, ஒரு பாட்டாவது கதையாவது சொல்லிய பின்னரே பழமும் கொட்டைகளும் பெற்றனர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்நாட்டார் பெருந்தொகையாக அமெரிக்கா சென்றபொழுது இவ்வழக்கமும் கப்பலேறிற்று. சென்ற இடத்தில் மன்றாட்டு உதிர்ந்தது; பாட்டும் உதிர்ந்தது; 'கொடு, இல்லையேல் குறும்பு' என்னும் கேள்வி ஒன்றே எஞ்சியது. 1920-களிலும் 1930-களிலும் அக்கேள்வி வட அமெரிக்காவிற் பரவியது. இரண்டாம் உலகப் போரின்போது சர்க்கரைக்குப் பங்கீடு வந்ததால் ஒடுங்கி, 1947-இல் அப்பங்கீடு நீங்கியபின் முன்னிலும் பன்மடங்கு பெருகியது.

இதனை இவ்வளவு விரிப்பதற்குக் காரணம் உண்டு. வாயிலில் வந்து நின்றவன் முதலில் ஒன்றைக் கொடுத்தான். அதன்பின் ஒன்றைப் பெற்றான். காலப்போக்கில் கொடுப்பது தேய்ந்து, பெறுவது மட்டும் நின்றது. நம் கீத பவனிக்கும் அந்நோய் பிடித்திருக்கின்றது என்பதே என் அபிப்பிராயம். வேதநாயக சாஸ்திரியார் போன்ற பெரியோர் விட்டுச்சென்ற கீர்த்தனைகளுள் ஒன்றையேனும் சரணங்களோடு முழுமையாகப் பாடி எத்தனை ஆண்டு ஆயிற்று? இரண்டு பாட்டு ஒன்றரைப் பாட்டாகி, இப்பொழுது ஒரு பல்லவியும் ஒரு சரணமுமாகக் குறுகிவிட்டது. ரசீது மட்டும் குறையாமல் எழுதப்படுகின்றது.

பிறர் வாயிலை நாடிச் செல்வது நம் நாட்டுக்குப் புதிதன்று. நவராத்திரியில் சிறுமியர் கண்ணனாகவும் ஆண்டாளாகவும் ஒப்பனை செய்துகொண்டு கொலு வைத்த வீடுகளுக்குச் சென்று, ஒரு பாட்டுப் பாடிச் சுண்டல் பெற்று வருவதுண்டு. அங்கே பாட்டு முந்தும், சுண்டல் பிந்தும். மார்கழியில் விடியுமுன் பஜனைக் கோஷ்டிகள் தெருவலம் வருவதும் அறிந்ததே. (இடையே ஒரு வேடிக்கை. ஹாலோவீன் இரவில் அமெரிக்கர் பூசணிக்காயைக் குடைந்து விளக்கேற்றி வாயிலில் வைக்கின்றனர். மார்கழிக் காலையில் நம் பெண்டிர் பூசணிப்பூவைச் சாணவுருண்டையிற் செருகிக் கோலத்தின் நடுவே வைக்கின்றனர். காயும் பூவுமாக இரு தேசத்தார் வாயிலையும் ஒரே கொடி அலங்கரிக்கின்றது. பூசணிக்கு இத்துணைப் பெருமை எங்ஙனம் வாய்த்ததோ!)

தமிழ் பயிலும் மாணவனாகிய யான் இவ்விடத்தில் நம் புறத்துறைகளை நினையாமல் இருத்தல் இயலாது. நெடுந்தூரம் நடந்து வந்த பாணனும் புலவனும் அரண்மனை வாயிலில் நின்று தம் வரவைத் தெரிவித்தலைத் தொல்காப்பியர் கடைநிலை என்றார். பரிசில் நீட்டித்தவிடத்துக் கேட்பதற்குப் பரிசில் கடாநிலை என்றும், பெற்று விடைகொள்வதற்குப் பரிசில் விடை என்றும் பெயர்கள் உண்டு. வாயிலில் நிற்றலும், கேட்டலும், பெற்றுப் பிரிதலும் தனித்தனியே பெயர் பெறும் அளவுக்கு அவற்றின் முறையை நம் முன்னோர் ஆய்ந்திருந்தனர். வாயில் உடையவன் திறந்தாலன்றிப் பாணன் உள்ளே புகுந்ததில்லை. உறங்குவோன் செவியில் யாழை ஒலிபெருக்கி வழியாகப் புகுத்துவதற்கும், காணிக்கை தவறியவன் வாயிலைக் கடந்து போவதற்கும் துறை வகுக்கப்படவில்லை. இவை நம் காலத்துப் புதுத்துறைகள். நச்சினார்க்கினியர் இருந்தால் இடர்ப்பட்டிருப்பார்.

இனி எங்கள் ஊரைப்பற்றிச் சிறிது. காலடிப்பேட்டை என்றதும் யாரோ ஓர் அடியவரின் காலடி பட்ட இடம் என்று பலர் எண்ணுவர். 1717 முதல் 1720 வரை சென்னையில் கவர்னராக இருந்த ஜோசப் காலட் என்னும் ஆங்கிலேயர் நெசவாளரைக் குடியேற்றி அமைத்த பேட்டை இது. காலட் பேட்டை நம்மவர் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. இங்குள்ள கலியாண வரதராசப் பெருமாள் கோயிலைப்பற்றி ஊரார் ஒரு கதை சொல்வர். காலட் துரையிடம் ஊழியம் செய்த வீரராகவன் என்பவர் காஞ்சி வரதரைக் காணாமல் வேலைக்கு வரமாட்டாராம். அவருடைய பக்தியைச் சோதித்து வியந்த துரை, இவ்விடத்திலேயே ஒரு கோயில் எழ உதவினாராம். கதையில் எவ்வளவு சரித்திரம் என்று யான் அறுதியிடேன். கிறிஸ்தவ கவர்னர் ஒருவர் பெயரைத் தாங்கிய பேட்டையில் பெருமாள் கோயில் நடுவே நிற்கின்றது. அதைச் சுற்றிய தெருக்களில் எல்லா மதத்தாரும் ஒட்டுச் சுவரில் வாழ்கின்றனர். ஒரு வீட்டு ஜெபம் மறு வீட்டுக்குக் கேட்கும். மறு வீட்டுத் தாளிப்பு இவ்வீட்டுக்கு மணக்கும். 2021 முதல் மெட்ரோ ரயிலும் தலைக்கு மேலே ஓடுகின்றது. துறைமுகத்தை நோக்கிய கண்டெய்னர் லாரிகள் இரவும் பகலும் நெடுஞ்சாலையில் வரிசை கட்டுகின்றன. திருவொற்றியூர், எண்ணூர்த் தொழிற்சாலைகளிலும் துறைமுகத்திலும் வேலை செய்வோர் ஷிப்டு முறையில் வாழ்வதால், எங்கள் தெருவில் எல்லாரும் ஒருங்கே விழித்திருக்கும் நேரமும் இல்லை. ஒருங்கே உறங்கும் நேரமும் இல்லை.

இத்தகைய தெருவில்தான் சென்ற ஆண்டு டிசம்பர் 22-ஆம் நாள் இரவு நாங்கள் பவனி புறப்பட்டோம். பதினொன்றரை மணியளவில் ஒரு மாடி வீட்டை அடைந்தோம். சபையார் குடியிருந்தது மேல்மாடி. எங்கள் வண்டி நின்றதோ கீழ்வீட்டுச் சன்னலுக்கு நேர் எதிரே. முதற்பாட்டின் பல்லவி முடியுமுன் கீழ்வீட்டுக் கதவு திறந்தது. கண்டெய்னர் யார்டில் வேலை செய்யும் ஒருவர், வயது நாற்பது இருக்கலாம், லுங்கியோடு வெளிவந்து நின்றார். அவர் கோபமாகப் பேசியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் மிகவும் சோர்ந்த குரலில், "காலைல அஞ்சு மணிக்கு நான் கிளம்பணும், தம்பி," என்றார்.

எங்கள் செயலாளர், "வருஷத்துக்கு ஒருநாள்தானே, அண்ணே," என்றார்.

"உனக்கு ஒருநாள். பெருமாள் கோயிலுக்கு ஒருநாள், அம்மன் கோயிலுக்கு ஒருநாள், கட்சிக்காரனுக்கு ஒருநாள், கல்யாணத்துக்கு ஒருநாள். எனக்கு எத்தனை நாளுன்னு நீயே எண்ணிச் சொல்லு. பாட வேணாங்கல. அந்தப் பெட்டியை அணைச்சுட்டுப் பாடு."

நாங்கள் அணைக்கவில்லை. ஒலியைச் சிறிது தாழ்த்தி இரண்டாம் பாட்டையும் பாடி முடித்தோம். மேல்மாடியிலிருந்து கேக்கு வந்தது. அதனைத் தின்னும்பொழுது அவர் வீட்டுச் சன்னல் அடைக்கப்படும் ஓசை கேட்டது.

அடுத்த தெருவில் கிறிஸ்துமஸ் தாத்தாவைக் கண்டு மூன்று வயதுக் குழந்தை ஒன்று வீறிட்டு அலறிற்று. அலறாமல் என்ன செய்யும்? உறக்கத்திலிருந்து எழுப்பி இழுத்துவந்த குழந்தையின் முன், அசையாத வாயும் அசையாத கன்னமும் உடைய பிளாஸ்டிக் முகம் ஒன்று குனிந்தால் பெரியவர்க்கே திகில் உண்டாகும். ஹாலோவீன் பேய்களை நாங்கள் பழிக்கின்றோம்! அவ்வீட்டுப் பாட்டியார், "மொதல்ல அந்த மூஞ்சியைக் கழட்டுப்பா," என்று அதட்டினார். கழற்றினார். உள்ளே இருந்தவர் தெருமுனையில் துணி தேய்த்துக் கொடுக்கும் அண்ணன். குழந்தை அவரை அறியும். அழுகை நின்று சிரிப்பு வந்தது. அவர் தோளில் ஏறிக்கொண்டு இறங்க மறுத்தது. அன்றிரவு யான் கண்ட மிக இனிய காட்சி அதுவே.

அவ்வீட்டை ஒட்டிய வீட்டில் நெற்றி நிறைய நீறு பூசிய ஒரு முதாட்டியார் திண்ணையில் தட்டேந்தி நின்றார். தட்டில் வெற்றிலையும் நான்கு வாழைப்பழமும் இருந்தன. "எங்க வீட்டுக்குப் பாட மாட்டீங்களா?" என்று கேட்டார். செயலாளர் கையிலிருந்த பட்டியலை நோக்கினார். பட்டியலில் சபையார் பெயர்தானே இருக்கும்! "நேரமாச்சும்மா, இன்னும் பதினாறு வீடு இருக்கு," என்று சொல்லி வண்டிக்குச் சைகை காட்டினார். வண்டி நகர்ந்தது. பாடற் குழுவிலிருந்த ஒரு சகோதரி மட்டும் பின்தங்கி, அத்திண்ணையருகே நின்று, ஒலிபெருக்கியின்றி ஒரு சரணம் பாடினார். வாழைப்பழம் நான்கும் அவருக்கே கிடைத்தன. எங்களில் ஒருவருக்கும் கேட்பதற்கு வாய் எழவில்லை.

மறுநாட் காலையில் ஆவின் பூத்தில் பால் வாங்க நின்றபொழுது எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு விதவைத் தாயாரைச் சந்தித்தேன். கணவர் மறைந்தபின் பழைய வீட்டைக் காலி செய்து, சந்தின் கோடியில் ஓர் அறையில் தனித்து வாழ்பவர். சந்தாப் பணம் சில மாதமாக நின்றுபோனதாலோ, வீடு மாறியதாலோ, அவர் பெயர் பட்டியலில் இல்லை. நாங்கள் சந்தின் முனை வரை சென்று திரும்பிவிட்டோம். "ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கதவைத் தாழ் போடல, கண்ணு. சத்தம் கிட்ட வந்துச்சு. வர்றீங்கன்னு அடுப்பைப் பத்த வெச்சேன். அப்புறம் சத்தம் அப்படியே போயிடுச்சு," என்றார். குறை கூறும் குரல் அன்று. செய்தி சொல்லும் குரல். பிறகு வீட்டுக்கு அழைத்து, எங்களுக்காகச் செய்து வைத்திருந்த கல்கலை ஒரு டப்பாவில் இட்டுக் கொடுத்தார். இருபது பேருக்கான கல்கல் அது.

வேண்டாம் என்றவர் செவியில் இரண்டு பாட்டும் முழுமையாக விழுந்தன. வேண்டும் என்ற இருவர் வாயிலுக்குப் பாட்டுச் செல்லவில்லை. இஃது எப்படி நேர்ந்தது? தீய எண்ணம் எங்களில் யாருக்கும் இல்லை. ஒலிபெருக்கி எங்கள் பாட்டை எங்கே கொண்டுசென்றது என்று நாங்கள் பார்க்கவில்லை. பட்டியல் எங்கள் கால்களை எங்கே நிறுத்தியது என்றும் பார்க்கவில்லை. பாடுவோன் வாயைப் பெட்டிக்கும் காலைத் தாளுக்கும் கொடுத்துவிட்டால், பவனியில் அவனுக்கு எஞ்சுவது காப்பி குடிப்பது ஒன்றே.

இதனை எங்கள் வாலிபர் சங்கத்தில் யான் எடுத்துரைத்தபொழுது எழுந்த மறுப்புகளுள் இரண்டு கவனிக்கத்தக்கவை. முதலாவது, "மற்றவர்கள் எல்லாரும் ஒலிபெருக்கி வைக்கும்பொழுது நாம் மட்டும் ஏன் அடங்கவேண்டும்? தொகையிற் சிறியவராகிய நாம் இங்கே இருக்கின்றோம் என்பதை ஊர் அறியவேண்டாமா?" என்பது. இவ்வாதத்தில் ஓர் ஏக்கம் இருக்கின்றது. அதை யான் எள்ளி நகையாடேன். ஆயினும் ஊர் நம்மை அறிந்தது எதனால்? அந்த முதாட்டியார் ஒலிபெருக்கியைக் கேட்டா வாழைப்பழத் தட்டோடு நின்றார்? அவருடைய பிள்ளைகள் சுரத்தில் கிடந்தபொழுது ஓடிவந்த அடுத்த வீட்டாரை அறிந்ததனால் நின்றார். லுங்கியோடு வந்தவர் நம்மை அறியாதவர் அல்லர். நம்மையும் தம்மை விழிக்கச் செய்யும் கூட்டங்களின் கணக்கிற் சேர்த்துவிட்டார். அக்கணக்கிலிருந்து நம் பெயரை நாமே அடித்துக்கொள்ளலாம். பிறர் பெயரை அடிக்க நமக்கு அதிகாரம் இல்லை.

சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கின்றது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடங்களில் ஒலிபெருக்கி கூடாது. விழாக்களுக்காக ஆண்டில் 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். அதற்கு மேல் இல்லை. அதே 2000-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பு நம் வடசென்னையைச் சேர்ந்தது. மாதவரம் நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு குடியிருப்பின் நலச்சங்கத்துக்கும் அங்கிருந்த ஒரு கிறிஸ்தவ சபைக்கும் இடையே எழுந்த வழக்கு. பிறர் அமைதியைக் குலைத்து, முரசறைந்தும் குரலைப் பெருக்கியும் வழிபடவேண்டும் என்று எந்த மதமும் விதிக்கவில்லை என்பது அத்தீர்ப்பின் சாரம். நாடெங்கும் எல்லா மதத்தார் ஒலிபெருக்கி வழக்குகளிலும் எடுத்துக்காட்டப்படும் அத்தீர்ப்பு நம் சபைகளில் ஒன்றைப் பற்றி எழுந்தது என்பதை நம் வாலிபர் பலர் அறியார்.

இரண்டாவது மறுப்புப் பணத்தைப் பற்றியது. உண்டியல் இல்லையேல் வண்டிக்கும் ஜெனரேட்டருக்கும் ஒலிபெருக்கிக்கும் வாடகை எங்ஙனம் கொடுப்பது? விடை கேள்வியிலேயே இருக்கின்றது. மூன்றையும் நீக்கினால் வாடகையும் நீங்கும். சுக்குக் காப்பிக்கு வாடகை இல்லை. ஏழைகளுக்கு அரிசி வாங்கவும் அப்பணம் உதவுகின்றது என்றனர், மெய்யே. வாயிலில் நின்று பிறருக்காகக் கேட்பதை யான் பழிக்கவில்லை. 1950-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துப் பிள்ளைகள் ஹாலோவீன் இரவில் இனிப்புக்குப் பதிலாகக் காலிப் பாற்பெட்டிகளை ஏந்திச் சென்று, துன்புறும் அயல்நாட்டுக் குழந்தைகளுக்காகச் சில்லறை சேர்த்தனர். ஐக்கிய நாடுகளின் குழந்தைகள் நிதிக்கு அது பின்னர்ப் பெரியதொரு வருவாயாயிற்று. ஆனால் அரிசிக்கென்று கேட்பதை ஞாயிற்றுக்கிழமை ஆலயத்திலே கேட்கலாம். வீட்டு வாயிலில் ரசீதுப் புத்தகம் விரிந்தவுடன், சந்தின் கோடியில் இருப்பவர் பெயர் தானே உதிர்ந்துவிடுகின்றது. எங்கள் பட்டியலில் நிகழ்ந்தது அதுவே.

இவ்வளவு தொல்லையெனில் பவனியையே ஒழித்துவிடலாமே என்போரும் நம்முள் உண்டு. ஆங்கிலப் பார்லிமெண்டு 1647-இல் கிறிஸ்துமஸ் திருநாளையே நீக்கிற்று. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் குடியேற்றத்தார் 1659-இல் அதனைக் கொண்டாடுவோர்க்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்து, 1681-இல் அச்சட்டத்தைக் கைவிட்டனர். குடித்துக் கூத்தாடி வீடுவீடாகச் சென்றோர் மேலிருந்த வெறுப்பும் அதற்கு ஒரு காரணம். வெறுப்புப் பொய்யன்று. எனினும் ஒழித்தலை யான் ஏற்கமாட்டேன்; அதற்குக் காரணம் 2023-ஆம் ஆண்டு டிசம்பர்.

அம்மாதம் 3, 4-ஆம் நாள்களில் மிக்ஜாம் புயல் மழை எங்கள் பகுதியை மூழ்கடித்தது. வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து எண்ணூர்க் கழிமுகத்திற் படர்ந்து, மீனவர் வலையையும் படகையும் கருப்பாக்கிற்று. அவ்வாண்டு எங்கள் பவனிக்கு வண்டி கிடைக்கவில்லை. ஒலிபெருக்கிக்குப் பணமும் இல்லை. பவனி இல்லையென்றே எண்ணியிருந்தோம். பிறகு சிலர் அரிசிப் பையும் போர்வையும் எடுத்துக்கொண்டு சேறு காயாத தெருக்களில் நடந்தோம். ஒருவர் டோலக்கைக் கழுத்தில் மாட்டி வந்தார். யார் சபையார், யார் அல்லர் என்று பாராமல் தண்ணீர் புகுந்த வீடுதோறும் நின்றோம். சிலர் பாடச் சொன்னார்கள். சிலர் அரிசியை மட்டும் வாங்கிக்கொண்டார்கள். ஒருவர், "இன்னிக்கு வேணாம்," என்று கதவைச் சாத்தினார், நாங்களும் கடந்து சென்றோம். ஒன்பதரை மணிக்கெல்லாம் வீடு திரும்பினோம். அவ்வாண்டுப் பவனியைப்போல் ஒன்று கண்டதில்லை என்று எங்கள் ஊர் முதியோர் இன்றும் சொல்கின்றனர்.

அதே டிசம்பர் 26-ஆம் நாள் நள்ளிரவுக்குச் சிறிது முன், எண்ணூர்ப் பெரியகுப்பத்துக்கு அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. உறங்கிக் கிடந்தோர் மூச்சுத் திணறி எழுந்து, ஒருவரையொருவர் எழுப்பிக்கொண்டு இருட்டில் வெளியே ஓடினர். பலர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். தொழிற்சாலைகளுக்கிடையே வாழும் எங்களுக்கு இரவில் கதவு தட்டப்படுவது எப்பொழுதும் சிறுசெய்தி அன்று. எந்தச் சந்தில் தனித்த கிழவி இருக்கிறாள், எந்த வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, யார் இரவு ஷிப்டு சென்றிருக்கிறார் என்று தெரிந்தவனே அத்தகைய இரவில் பயன்படுவான். ஆண்டுக்கொரு முறை காலால் நடந்து வாயில்தோறும் நின்று முகம் கண்டவனுக்கு அது தெரியும். வண்டியின் பின்னே ஓடியவனுக்குத் தெரியாது. பவனியை ஒழித்தால் அவ்வறிவும் ஒழியும் என்று அஞ்சுகின்றேன்.

வேண்டுவோர் வீட்டையும் வேண்டாதோர் வீட்டையும் அறிவது எப்படி என்று கேட்கலாம். ஹாலோவீனைப் பழிக்குமுன் அதனிடம் ஒன்றைக் கடன் வாங்கலாம். அவ்விரவில் அமெரிக்கத் தெருக்களில் வாயில் விளக்கு எரியும் வீட்டுக்கே பிள்ளைகள் செல்வர். விளக்கணைந்த வீட்டை ஓசையின்றிக் கடந்து போவர். எங்கும் எப்பொழுதும் இது வழுவாமல் நடக்கின்றது என்று சொல்லேன், வழக்கம் அதுவே. நம் தெருக்களில் டிசம்பர் மாதம் கிறிஸ்தவர் வீட்டில் நட்சத்திர விளக்குத் தொங்கும். மார்கழியாதலின் ஏனையோர் வீட்டு வாசலில் அகல் எரியும். ஒரு கிழமைக்கு முன் பகலில் நடந்து, "22-ஆம் நாள் இரவு எட்டு மணிக்கு இத்தெருவுக்கு வருவோம், விருப்பமானால் வாயிலில் ஒரு விளக்கு வையுங்கள், உறங்கவேண்டுமானால் அணைத்துவிடுங்கள்," என்று சொல்லிவரலாம். யார் ஏற்றியது எந்த விளக்கு என்று பாடுவோர் ஆராயவேண்டா. யார்டு வேலைக்காரர் வீட்டில் விளக்கு இராது. அவர் வீட்டுக்கு இருபுறமும் பாட்டு இராது. திண்ணைப் பாட்டியார் வீட்டில் இருக்கும். பத்து மணிக்குள் முடியாத தெருக்கள் மறுநாளுக்கு நிற்கட்டும். ஓரிரவில் நாற்பது வீடு முடிக்கவேண்டும் என்று எந்த வேதவாக்கியமும் இல்லை.

இதனை முடிவு செய்யும் சங்கக் கூட்டம் டிசம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமை மாலை. இச்சஞ்சிகை அன்பர்கள் கைக்கு வருமுன் அது முடிந்திருக்கும். யான் தோற்றிருக்கவும் கூடும். செயலாளர் எனக்கு மூத்தவர், நல்லவர், விடாப்பிடியானவர். வண்டிக்கு முன்பணம் கொடுத்துவிட்டதாகவும் கேள்வி. துணி தேய்க்கும் அண்ணன் மட்டும் என் பக்கம் சேர்ந்துவிட்டார். முகமூடியில்லாமல் தாடி மட்டும் ஒட்டிக்கொள்வதாகச் சொல்கின்றார். எப்படி முடிந்தாலும், பவனி தொடங்குமுன் மாலை ஏழு மணிக்குச் சந்தின் கோடி அறைக்குச் செல்வதாக நாங்கள் ஐவர் வாக்குக் கொடுத்திருக்கின்றோம். டோலக்கு இருக்கின்றது. ஆர்மோனியம் ஒன்றும் இருக்கின்றது. அதைத் தூக்கி வருவதற்குத்தான் ஆள் தேடிக்கொண்டிருக்கின்றேன்.